ஆள் கீதா?

நெற்றியில் கட்டியிருந்த கேமராவின் பட்டையை ரத்னா அவிழ்த்தபோது வியர்வையில் அது வழுக்கியது. சோறு வடித்த வீடியோ மறுபடியும் செல்லாது என்று திரும்பி வந்துவிட்டது. கையை மட்டும் பார்க்க வேண்டியவள், வடிப்பதற்கு முன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிவிடுகிறாள். மயிலாப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீட்டின் மாடிச் சமையலறை அது. அங்கே பெண்கள் நாள் முழுக்கச் சமைத்தார்கள், பாத்திரம் துலக்கினார்கள், துணி மடித்தார்கள். அந்த வீடியோக்களில் அவர்கள் கை போகிற போக்கைப் பார்த்து எங்கோ ஒரு இயந்திரம் வீட்டுவேலை கற்றுக்கொண்டிருந்தது.

“இப்டியே திருப்பிக்கினு இரு. மிசினுக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போவுது,” என்றாள் பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கோமளம்.

வீடியோக்களைச் சரிபார்க்கும் வர்ஷினி சிரிக்கவில்லை. “ஏன்க்கா திரும்புறீங்க? இப்டியே போனா உங்கள மாத்தச் சொல்லிடுவாங்க.”

ரத்னா ஜன்னலைக் காட்டினாள். கீழே ஒரு ஆள் நுழையும் அகலத்தில் சந்து. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், சாக்கடைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் வாய் திறந்து நின்றது. அவள் கணவன் டில்லிபாபு இப்படியொரு சந்தில் குனிந்து அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மேலே யாரோ தொட்டியில் சோறு வடித்தார்கள்.

“வேணும்னேவா ஊத்துனாங்க? கீழ ஆள் இருப்பான்னு நெனைக்கல, அவ்ளோதான். அவருக்கு இன்னிக்கும் முதுவுல சட்ட ஒட்டுனா ஆவாது. நான் எட்டிப் பாத்து, கீழ ஆள் கீதான்னு ஒரு கொரல் குடுத்துட்டுதாம்மா ஊத்துவேன். இந்த மிசினு என் கைய எடுத்துக்கினு ஊரு பூரா போவப்போவுது. அந்தக் கையால இன்னொருத்தன் வேவக்கூடாது.”

வர்ஷினி எட்டி அந்தக் குழாயைப் பார்த்தாள். “குரல் பதிவாகாதுக்கா. படம் மட்டும்தான். அது யாருக்கும் கெடுதல் பண்ணாம பாத்துக்கறதுக்குத் தனியா ஒரு டீம் இருக்கு.”

“அவுங்க சோறு வடிப்பாங்களா?”

வர்ஷினி அடுத்த வீடியோவைத் திறந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ரத்னாவின் வீடியோக்கள் திரும்பி வரவில்லை.

ஆடி முடிவதற்குள் இயந்திரம் வந்து இறங்கியது. இரண்டு கைகள், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா. பானையைத் தூக்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி எட்டிப் பார்த்தது. ரத்னா நிற்கிற அளவுக்கு நின்றது. பிறகு தொட்டிக்கு வந்து வடித்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

“அக்கா, பாத்துச்சு! உங்கள மாதிரியே பாத்துச்சு!” வர்ஷினிக்குக் கண் கலங்கியிருந்தது.

ரத்னா ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். சந்து காலியாகக் கிடந்தது.

“பாத்துச்சு, சரி. ஆள் இருந்தா இன்னா பண்ணும்?”

வர்ஷினி, இயந்திரத்தை இயக்க வந்து லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவன் கன்னத்தைச் சொறிந்துகொண்டான்.

“பானைல பச்சத் தண்ணி ஊத்தி இன்னொரு தபா வுடு,” என்று சொல்லிவிட்டு ரத்னா படியிறங்கினாள்.

சந்தில் அழுகிய கீரை நாற்றம். செருப்பு சேற்றில் புதைய, குழாயை ஒட்டிப் போய் நின்றாள். மேலே ஜன்னலில் கேமரா வந்தது. கறுப்புக் கண்ணாடி, அதில் துண்டாய் வானம்.

“ஆள் கீது!” என்று கத்தினாள். அதற்குக் காது இல்லை என்பது ஞாபகம் வந்து கையைத் தூக்கி ஆட்டினாள்.

அது அவளைப் பார்த்தது. அவள் வழக்கமாகப் பார்க்கிற அளவுக்குப் பார்த்தது. பிறகு பானையோடு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

தூக்கிய கையை இறக்காமல், ரத்னா குழாயின் வாயைப் பார்த்தபடி நின்றாள்.