பத்தொன்பது பேருக்கான குளிர்

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ரிஃப்கா அந்த அலுவலகத்துக்குப் போனாள். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். காலையில் போய்ப் பார்த்தால் ஓர் அறை எவ்வளவு கொதிக்கும் என்று தெரியாது.

தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி சாலையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி. வெளியூர்க் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. முப்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிகள் கூரைச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தன. ரிஃப்கா அதிராம்பட்டினத்துப் பெண். தஞ்சாவூரில் விடுதியில் தங்கி, ஏசி அமைத்துத் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்தாள். எந்த இடத்துக்கு எத்தனை டன், எந்த வகை என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை.

மேற்குச் சுவரை அவள் அளந்துகொண்டிருந்தபோது, வெயிலுக்கு ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டு அதன் அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் நாற்காலியைத் தள்ளி வழிவிட்டாள். பெயர் தமிழ்நிலா. முப்பத்து நான்கு வயதிருக்கும்.

"அப்ப நெசமாவே போடுறாங்களா?" என்று கேட்டாள். "ஒம்போது வருஷமா போடுறேன், போடுறேன்னு சொல்லிட்டே இருந்தாங்க."

"போடுறாங்கக்கா. அதுக்குத்தான் அளக்குறேன்."

"சுவத்தை மட்டும் அளந்தாப் போதுமா?"

"ஆளுங்களையும் எண்ணணும். ஒரு ஆள் உக்காந்திருந்தாலே உடம்புலேர்ந்து ரெண்டு குண்டு பல்பு அளவுக்குச் சூடு வரும். எத்தனை பேருன்னு தெரியாம மெஷின் எடுக்க முடியாது."

தமிழ்நிலா அதைப் பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். அன்று ரிஃப்காவைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. தன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்து மூடியில் வைத்துக் கொடுத்தாள். தமிழ்நிலாவுக்கு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தத் தெருவில் முதல் பட்டதாரி இவள். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. குந்தவை என்று ஒரே மகள், இரண்டாம் வகுப்பு.

அடுத்த மூன்று வாரங்களில் ரிஃப்கா நான்கு முறை அங்கே போனாள். நான்கு முறையும் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். கணக்கில் பதினாறு டன் வந்தது. தனித்தனி ஸ்ப்ளிட் ஏசிகளைவிட, மொட்டைமாடியில் ஒரே வெளி யூனிட்டை வைத்து உள்ளே பல வாய்களுக்குக் குளிரை அனுப்பும் முறைதான் சரி என்று எழுதினாள். தலைமை அலுவலகம் வேறொன்று கேட்டது. எல்லாக் கிளைகளிலும் இருப்பதுபோல், குளிர்காலத்தில் சூடும் தரும் ஹீட் பம்ப் வேண்டும் என்றது. தஞ்சாவூரில் மார்கழியில்கூட அறையைச் சூடாக்கத் தேவையில்லை என்று விளக்கி ரிஃப்கா இரண்டு பக்கம் கடிதம் எழுதினாள். ஒப்புக்கொண்டார்கள்.

அந்தச் செய்தியைச் சொல்வதாகச் சொல்லித்தான் அந்த அலுவலக மேலாளர் ராஜகோபாலன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அதிர்ந்து பேசாத மனிதர். அவள் உள்ளே வந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பதினாறு டன் வேண்டாம்மா. பத்தொம்போது பேருக்குப் போட்டுக் குடுங்க."

"முப்பத்தாறு பேர் இருக்காங்களே சார்."

"ஆகஸ்ட்ல பத்தொம்போது பேர்தான் இருப்பாங்க. படிவத்தையெல்லாம் இனிமே சாஃப்ட்வேரே படிச்சுடுமாம். ஹாலை நடுவுல தடுத்துடப் போறோம்." வரைபடத்தை அவள் பக்கம் திருப்பினார். மேற்கு வரிசை முழுவதும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. "இன்னும் யார்கிட்டயும் சொல்லல. கணக்குக்குத் தேவைன்னு உங்ககிட்ட சொல்றேன். சொன்னா வேலை அப்படியே நின்னுடும்."

ரிஃப்கா தன் முதலாளி நெடுஞ்செழியனிடம் போய்ச் சொன்னாள்.

"பாவம்தான். ஆனா நம்மளை நம்பி உள்ள விட்டிருக்காங்க. இது வெளில போச்சுன்னா அடுத்த ஆஃபீஸ்ல எவனும் நமக்குக் கதவு திறக்க மாட்டான். நீ வாயைத் திறக்காத."

அவர் சொன்னதில் தவறு இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றவில்லை. புதிய கணக்கில் ஒன்பது டன் வந்தது.

கடைசி அளவெடுக்கப் போன வெள்ளிக்கிழமை, சாப்பிடும்போது தமிழ்நிலா ஒரு செய்தி சொன்னாள். ஒரத்தநாட்டில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் குறைவு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள்.

ரிஃப்கா மூடியைக் கீழே வைத்தாள். "சேந்துக்கலாமேக்கா. வீட்டுக்குப் பக்கம்ல."

"பக்கம்தான். ஆனா இங்க இவ்வளவு செலவு பண்ணி ஏசி போடுறாங்கல்ல? போற கம்பெனியா இருந்தாப் போடுவாங்களா? இன்னும் பத்து வருஷத்துக்கு இங்கதான்னு அர்த்தம். குந்தவையைத் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துலயே சேத்துடலாம்னு இருக்கேன்."

ரிஃப்கா தலையை மட்டும் அசைத்தாள். கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கைபேசியில் தமிழ்நிலாவின் எண்ணை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தேவையில்லாத வெப்பத்தைத் தடுக்க இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு இதற்கு ஒரு வரி வரவில்லை. திங்கட்கிழமையும் கழிந்தது.

ஜூலை இறுதியில் பதினேழு பேரைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். ஆகஸ்டில் தடுப்புச் சுவர் எழுந்தது, இயந்திரங்கள் வந்து இறங்கின. ஓட்டிப் பார்த்த அன்று இருபது நிமிடத்தில் அறை இருபத்து நான்கு டிகிரிக்கு வந்து நின்றது. ராஜகோபாலன் அவளுக்கு நன்றி சொன்னார்.

வெளியே வந்தால், பணிச் சான்றிதழ் வாங்க வந்த தமிழ்நிலா வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"நல்லாக் குளிருதா?" என்று கேட்டாள்.

"ம்."

"எத்தனை பேருன்னு தெரியாம மெஷின் எடுக்க முடியாதுன்னு சொன்னியே. அதையேதான் நினைச்சுட்டு உக்காந்திருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "எப்பலேர்ந்து தெரியும்?"

"மே மாசத்துலேர்ந்து."

"ஸ்கூல் வேலைய வேணாம்னு சொல்லப் போறேன்னு உங்கிட்ட சொன்னேனே, அப்ப?"

"தெரியும்க்கா."

தமிழ்நிலா கையிலிருந்த உறையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். "முழுசாச் சொல்ல வேணாம். 'அவசரப்படாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட நான் புரிஞ்சிட்டிருப்பேன்."

வீட்டுக்குப் பக்கம்தானே என்று சொன்னேனே என ரிஃப்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது புரிந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்ன வார்த்தை என்பது அவளுக்கே தெரியும். "சொல்லியிருக்கணும்க்கா" என்றாள். அழுகை வந்தது. தமிழ்நிலா அவளைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. உள்ளிருந்து பெயரைக் கூப்பிட்டதும் எழுந்துபோனாள்.

பள்ளி வேலைக்கு ஜூனிலேயே வேறு ஆளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ரிஃப்கா தனக்குத் தெரிந்த நாலைந்து இடங்களில் விசாரித்து, ஆள் தேவைப்படும் இரண்டு அலுவலகங்களின் விவரத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. செப்டம்பரில் பழைய பக்கத்து மேஜைக்காரி சொல்லித்தான் தெரிந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பில்லிங் பிரிவில் தமிழ்நிலா சேர்ந்துவிட்டாளாம். குந்தவை, சித்தி வீட்டில்.

தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், ஊரிலிருந்து திரும்பிய ரிஃப்கா புதிய பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தாள். திருப்பூர் பேருந்தின் படியருகே குந்தவை அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். சித்தி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். நடத்துனர் விசில் கொடுத்தார். தமிழ்நிலா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரிஃப்கா ஜன்னலுக்கு அடியில் போய் நின்று, "அக்கா" என்றாள்.

முந்தானை விலகியது. தமிழ்நிலா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தவள் பார்வையைத் திருப்பி, ரிஃப்காவைத் தாண்டி மகள் நிற்கும் இடத்தைத் தேடினாள். ரிஃப்கா அந்தப் பார்வைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். பேருந்து நகர்ந்தது.