எந்திரிக்காத பிள்ளை

திலகவதி டீச்சர் வகுப்பில் பாத்ரூம் என்று வாயைத் திறக்க எந்தப் பிள்ளைக்கும் துணிச்சல் வராது. ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளடங்கிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் அவர். அவர் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. போன வருஷம் விக்ரம் என்று ஒரு பையன் இருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழாத குறையாகக் கேட்டுவிட்டு வெளியே போனவன், பெட்டிக்கடை வாசலில் நின்று ஹாயாக சர்பத் குடித்துக்கொண்டிருந்தான். அதை ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் டீச்சரைக் கேள்வி கேட்டுவிட்டார். அன்றைக்கு ஏறிய கோபம் இறங்கவே இல்லை. எவனோ ஒருத்தன் சர்பத் குடித்ததற்கு இந்த வருஷத்துப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

"இன்டர்வெல்ல என்ன பண்ணுறீங்க? அப்பப் போக வேண்டியதுதானே?"

யார் கேட்டாலும் இதுதான் பதில். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் வரும், கதவும் சரியாகச் சாத்தும். போகத்தான் விடவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். ரம்யாவை அதில் இழுத்துவிட்டதுதான் வினை. முதல் பெஞ்சில் உட்காருகிற பிள்ளை, அதிர்ந்து பேசாது. அரையாண்டுத் தேர்வு முடிந்து நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு டீச்சர் பேனா பரிசு கொடுத்தார். எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, இன்னொரு பேனாவை எடுத்துக்கொண்டு ரம்யாவை எழுப்பினார்.

"இந்தப் பிள்ளையப் பாருங்க. இந்த வருஷம் பூரா என் பீரியட்ல ஒரு தடவ பாத்ரூம்னு எந்திரிச்சிருக்காளா? படிக்கணும்னு நெனைக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் வராது. கை தட்டுங்க."

தட்டினார்கள். பையன்களும் சேர்ந்து தட்டினார்கள். ரம்யா தலையைக் குனிந்தபடி பேனாவை வாங்கிக்கொண்டாள். டீச்சருக்கு ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு. அதற்கப்புறம் யார் கை தூக்கினாலும், "ரம்யாவுக்கு வராதது ஒனக்கு மட்டும் எங்கேருந்து வருது?" என்று உட்கார வைத்துவிடுவார்.

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க டீச்சருக்குப் படபடப்புக் கூடியது. சாப்பாட்டுக்கு முன்னால் இருந்த பீரியடை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். நடுவில் வரும் இன்டர்வெல்லையும், "இந்த ஒரு கணக்க முடிச்சிரலாம்" என்று விழுங்கிவிட்டார். இன்டர்வெல்லில் போ என்று சொன்ன அதே வாய்தான்.

அப்படி ஒரு திங்கட்கிழமையில், போர்டில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தபோது ரம்யா எழுந்து நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயுமா ரம்யா?" என்றார் டீச்சர். அதட்டவில்லை. நிஜமாகவே மனம் விட்டுப்போய்த்தான் கேட்டார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "பெல் அடிக்கட்டும்மா. ஒன்னையச் சொல்லித்தானே இவங்கள அடக்கி வச்சிருக்கேன்."

"இல்ல மிஸ், சும்மாதான்," என்று சொல்லிவிட்டு ரம்யா உட்கார்ந்துகொண்டாள். எதற்குச் சும்மா ஒரு பிள்ளை எழுந்து நிற்கும் என்று டீச்சர் யோசிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார்.

புதன்கிழமை ரம்யா வரவில்லை. காய்ச்சல் அதிகமாகி அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னது. பரீட்சை நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று டீச்சருக்கு மனது கேட்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏறி, இறங்கின இடத்தில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

ரம்யாவின் அம்மா செல்வராணி, டீச்சரைக் கண்டதும் பதறி எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. யூரின்ல கிருமியாம். கிட்னி வரைக்கும் ஏறிருச்சாம். இன்னும் கொஞ்சம் அசந்திருந்தா பிள்ள நமக்கில்லைங்கிறாங்க. தண்ணியே குடிக்காம, வந்தாலும் போகாம அடக்கி அடக்கி வச்சதுல வந்த வெனையாம். காலையில டீ குடிக்க மாட்டா டீச்சர். பாட்டில்ல தண்ணி ஊத்திக் குடுத்தா, குடுத்தது குடுத்தபடி சாயங்காலம் வீட்டுக்கு வரும். ஏண்டின்னு கேட்டா, டீச்சர் எனக்குன்னு ஒரு பேரு குடுத்திருக்காங்க, அதக் கெடுத்துக்க மாட்டேம்பா. அவுக அப்பா துபாய்லேருந்து வீடியோ கால்ல வந்தப்பக்கூட அந்தப் பேனாவத்தான் காமிச்சா. நீங்க சொன்னாத்தான் கேப்பா. ரெண்டு மடக்குத் தண்ணி குடிக்கச் சொல்லிட்டுப் போங்க டீச்சர்."

இதில் ஒரு சொல்லாவது குத்திக்காட்டலாக இருந்ததா என்றால், இல்லை. அந்த அம்மா நன்றியோடுதான் பேசினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். வகுப்பு மேஜையில் தனக்கென்று எப்போதும் இருக்கும் தண்ணீர் பாட்டில் நினைவுக்கு வந்தது. தொண்டை காய்ந்தால் அந்தப் பிள்ளைகள் கண் முன்னாலேயே எடுத்துக் குடிப்பார். நான்தான் காரணம் என்று சொல்லிவிட வாயெடுத்தார்.

"தண்ணி நெறைய குடிக்கணும்மா," என்றுதான் வந்தது. தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

"சரி மிஸ்," என்றாள் ரம்யா.

மருந்து வாங்கி வருகிறேன், செத்த நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செல்வராணி வெளியே போனாள். குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் எதையாவது பேசவேண்டுமே என்று பரீட்சையைப் பற்றிப் பேசினார். ரம்யா தலையாட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள் அவள் கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. விரல்கள் மடங்கின. உதட்டைக் கடித்தபடி எங்கோ பார்த்தாள். அந்த இருப்பு டீச்சருக்குப் புதிதல்ல. வகுப்பில் தினமும் பார்த்ததுதான். பார்த்துவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டதுதான்.

"பாத்ரூம் போகணுமா?"

"இல்ல மிஸ்."

"ரம்யா."

"இல்ல மிஸ். அம்மா வரட்டும்."

பிள்ளையின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. காய்ச்சலோடு படுத்த படுக்கையிலும் அவருடைய வகுப்பில்தான் இருந்தாள்.

"எந்திரிம்மா," என்றார் டீச்சர்.

குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டார். "நல்லா ஒசரப் பிடிங்க, எறக்குனா ரத்தம் டியூப்புல ஏறிரும்," என்று அந்தப் பக்கம் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் பிள்ளை. நெருப்பாய்ச் சுட்டது உடம்பு. பாத்ரூம் வாசலில் ரம்யா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ்..."

"சொல்லும்மா."

"கிளாஸ்ல சொல்லிறாதீங்க மிஸ்."

டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல இப்போது வாய் வந்தது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க ரம்யாவால் முடியவில்லை. உள்ளே போய்விட்டாள். டியூப் நசுங்காமல் இருக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. வெளியே சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை முதலில் குழாயைத் திறந்துவிட்டது. தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி டீச்சர் வாசலில் நின்றார்.

கை கடுத்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வகுப்பில் கேட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி, கதவு திறக்கும்வரை அவர் தூக்கிய கையை இறக்கவில்லை.