சாப்பாட்டில் பிழை

…கறிக்கு அரிந்த கோவா இலையைக் கூடுதலாக அவியவிட்டதா, உள்ளிப் பூண்டை நசுக்கிச் சற்று நேரம் வைக்காமல் உடனே சட்டியில் போட்டதா, இல்லை, அதெல்லாம் சரியாகத்தான் செய்தாள், மஞ்சளோடு மிளகும் சேர்த்துத்தானே நாள் தவறாமல் சமைத்தாள், பிறகு எப்படி வலது மார்பில் இந்தக் கட்டி… ஆஸ்பத்திரியின் நீள வாங்கில் றெஜினா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தாள். ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவை இன்றைக்குச் சொல்வார்கள். பக்கத்தில் அவளுடைய அண்ணை பிலிப்புவின் மனைவி அற்புதராணி. இதே நோய்க்கு இதே இடத்தில் மருந்து ஏற்றிக்கொண்டவள், உதிர்ந்து முளைத்த தலைமயிர் இன்னும் தோளைத் தொடவில்லை. இவளை ஏன் கூட்டிவந்தேன்? நான் எங்கே கூட்டிவந்தேன், அவளாகவே காலையில் வீட்டுப் படலையடியில் வந்து நின்றாள், "வாரும், தனியப் போகாதையும்" என்றாள், அவ்வளவுதான்.

மனையியல் படிப்பிக்கிற றெஜினா ரீச்சர் என்றால் குருநகர் மாதர் சங்கத்தில் ஒரு மரியாதை, சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். தாவர உணவுகளில் உள்ள சில பொருட்கள் ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியைத் தடுத்தன, மனிதரிலும் ஆபத்தைக் குறைக்கலாம், என்றுதான் அவள் வாசித்த கட்டுரையில் இருந்தது. அந்த 'லாம்' எப்போது கழன்று விழுந்தது? பெண்கள் முதன்முதல் கைதட்டிய அன்றைக்கா? "ஒழுங்காய்ச் சாப்பிட்டா உது கிட்டவும் வராது" என்று சொல்லத் தொடங்கிய பிறகு கைதட்டல் கூடியது உண்மைதானே… அதோடு நின்றிருக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து அற்புதராணி வீட்டுக்கு வந்த கிழமை, அயலார் வந்து கூடியிருந்த விறாந்தையில், யாரோ பெருமூச்சு விட, றெஜினாதான் வாயைத் திறந்தாள். "மச்சாள் ஒருநாளாவது இலைக்கறி சாப்பிட்டவவோ? எந்த நேரமும் எண்ணெய்ப் பொரியலும் கருவாடும். சாப்பாட்டிலை பிழை." அண்ணை நிலத்தைப் பார்த்தார். நெஞ்சில் தலையணையை அணைத்தபடி இருந்த அற்புதராணி மெதுவாக, "ஓம், என்ரை பிழைதான்" என்றாள். அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் அவள் எல்லாரோடும் சபையில் இருந்து சாப்பிட்டதை றெஜினா காணவில்லை, காணாதபோதும், திருந்திவிட்டாள் என்றல்லவா நினைத்தாள், சீ…

இப்போது மச்சாள் கேட்பாள், நீர் என்ன சாப்பிட்டனீர் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கணக்குத் தீர்ந்துவிடும், கேளன்… அற்புதராணி பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றி நீட்டினாள். றெஜினாவின் வாய் தானாகத் திறந்தது. "மச்சாள், நான் எல்லாம் ஒழுங்காய்த்தான் சாப்பிட்டனான்." சொன்ன பிறகுதான் அதில் இருந்தது காதில் விழுந்தது, மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் மறுபடி அதே கல்லையல்லவா எறிந்திருக்கிறாள்.

"எங்கடை வளவிலும் முருங்கை நிக்குது, றெஜி. கிழமையிலை ரெண்டு மூண்டு தரம் இலை சுண்டுறனான். நீர் ஒருநாளும் கேக்கேல்லை." குரலில் கோபம் இல்லை. "குடியும், ஆறப்போகுது."

கோபமாவது இருந்திருக்கலாம். பிடித்த கோப்பை விரல்களைச் சுட்டது, சுடட்டும். வைத்தியரின் அறைக் கதவு திறந்தது, தாதி கூப்பிட, கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓர் இளம்பெண் எழுந்து போனாள், இருபத்தைந்து இருக்குமா, இந்த வயதிலா, பாவம், என்னத்தைச் சாப்பிட்டிருப்பாள்…

அந்தக் கேள்வி யாரையும் கேளாமல் மனதுக்குள் வந்து முடிந்தும் விட்டது. றெஜினா அற்புதராணியின் பக்கம் திரும்பவில்லை.