வலமாகச் சுழன்ற வளையம்

காகிதம் கிடைக்கவில்லை. மருந்துக்கடைப் பையைக் கிழித்து மடியில் விரித்துக் கோடு போட ஆரம்பித்தார் உடலியங்கியல் பேராசிரியர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணமிட்டிருந்த அவர் மனைவி, கண் டாக்டர், வேடிக்கை பார்த்தாள். அவளுடைய இதய வால்வு ஒழுகுகிறது. வெளியே அனுப்பிய ரத்தத்தில் ஒரு பங்கு, எதையோ மறந்துவிட்டதுபோல வீடு திரும்பிவிடுகிறது. நாளை ஆபரேஷன் என்கிறார்கள். நர்ஸ் சம்மதம் கேட்டு வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்கிறாள் இவள்.

“மாடிப்படி ஏறுறேன், மூச்சு வாங்கல. நீங்கதான் பாதியில நின்னு சுவத்துல பெயின்ட் நல்லா இருக்கான்னு பாக்குறீங்க.”

“அதான் ஆபத்தே. உன் இதயம் கஷ்டத்த வெளிய காட்டிக்காம பெருசாகிட்டே இருக்கு. இங்க பாரு.”

படுத்த கோடு கொள்ளளவு, நிமிர்ந்த கோடு அழுத்தம். இதயம் நிரம்பும், இறுகும், வெளியே தள்ளும், தளரும். ஒரு துடிப்புக்கு ஒரு வளையம். நல்ல இதயத்துக்கு ஒல்லியாக ஒன்று போட்டார். அவளுக்கு, வலப்பக்கம் தொப்பை தள்ளி இன்னொன்று.

“ஒவ்வொரு துடிப்புலயும் உள்ள தங்குற மிச்சம் கூடிட்டே போகுது. சதை சோர்ந்துட்டா, அப்புறம் வால்வ மாத்தியும் பிரயோஜனம் இல்ல.” அம்புக்குறிகளைப் போட்டார்.

அவள் சிரித்தாள். “வாத்தியாரே, அம்பு வலமா சுத்துது.”

மாணவனாக வாய்மொழித் தேர்வில் அவர் செய்த அதே தப்பு; வளையம் இடமாகச் சுற்றினால்தான் இதயம் ரத்தத்தைத் தள்ளி வேலை செய்வதாக அர்த்தம். “தம்பி, இந்த இதயம் வேலை செய்யாது, மத்தவங்கதான் இதுக்கு வேலை செய்யணும்” என்றார் தேர்வாளர். கதவருகே அடுத்த ஆளாக நின்றவள் அடக்கமாட்டாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகக் கேன்டீனில் எத்தனை டீ வாங்கிக்கொடுத்தாரோ. கல்யாணத்துக்குப் பிறகு, துணி மடிக்காமல் அவர் பேப்பருக்குள் ஒளியும்போதெல்லாம் தேர்வாளரின் வாசகம் சமையலறையிலிருந்து வரும். ஆனால் வகுப்பில் ஒருநாளும் தப்பியதில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் இடமாகத்தான் போடுவார்.

பேனா முனை காகிதத்தைப் பொத்தலாக்கியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“பயமா இருக்கா?”

“எனக்கென்ன பயம்? ஆபரேஷன் உனக்குத்தானே,” என்றார். குரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

 அவள் கட்டிலிலிருந்து இறங்கி, கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

“நாளைக்கு ஆபரேஷனுக்கு மோதிரத்தக் கழட்டச் சொல்வாங்கல்ல. வந்து இழுங்க.”

சோப்பு நுரையில் மோதிரம் வழுக்கி, விரல் கணுவில் வந்து நின்றது. அதை மாட்டிய நாளில் அந்த விரல் எவ்வளவு மெலிசு.

“மெதுவா,” என்றாள்.

அவர் இழுப்பதை நிறுத்தினார். கையை விடவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.