புரிஞ்சுதுன்னு வாயால சொல்லணும்

ஆபீசில் எனக்கு 'புரிஞ்சுதா அக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்தவன் சேல்ஸ் பிரிவில் இருக்கிற ஒரு தடியன். கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. தவிர, அவன் சொல்வதில் தப்பும் இல்லை. ஒரு நாளைக்கு அறுபது பேருக்குப் போன் போட்டு, ஏழு கேள்வி கேட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதுதான் என் வேலை. ஷேர் புரோக்கர் ஆபீஸ். ஆப்ஷன், ஃப்யூச்சர் வியாபாரத்துக்குக் கணக்குத் திறக்கிறவர்கள், போட்ட காசு மொத்தமும் போகலாம், அதற்கு மேலும் கட்ட வேண்டி வரலாம் என்று தெரிந்துதான் வருகிறோம் என வாயால் சொல்ல வேண்டும். "ம்" செல்லாது. தலையாட்டினால் ரெக்கார்டிங்கில் விழாது.

பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். எல்லாருக்கும் புரிந்துவிடும். முதல் கேள்வியை நான் முடிப்பதற்குள்ளேயே புரிந்துவிடும். ஒரு ஆள் பல் தேய்த்துக்கொண்டே ஏழுக்கும் "புரிஞ்சுது" சொன்னார். யாராவது தப்பித்தவறி "புரியலைங்க" என்றால் ஃபைல் சேல்ஸுக்குத் திரும்பிப் போகும். அந்தத் தடியன் அவரைக் கூப்பிட்டு, "சும்மா புரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்" என்பான். இரண்டு நாளில் அவருக்கும் புரிந்துவிடும்.

அன்றைக்கு மத்தியானம் நாற்பத்து மூன்றாவது ஆளாகத் திரையில் வந்தவர் என் மாமா, அக்காவின் புருஷன். நாலு மாதத்துக்கு முன்னால் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். ரிட்டயர் ஆன கையோடு, வாடகைக்கு இருக்கிற வீட்டையே விலைக்கு வாங்க ஹவுஸ் ஓனரிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். ஆறு மாதத்துக்குள் ரிட்டயர்மெண்ட் பணத்தில் மீதியைக் கட்டுவதாகப் பேச்சு. ஜன்னலுக்கு எந்த நிறம் அடிப்பது என்பது வரைக்கும் அக்கா போய்விட்டாள். அந்தப் பணத்தைத்தான் இவர் இங்கே கொண்டுவந்திருந்தார்.

சொந்தக்காரர் ஃபைல் வந்தால் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. பக்கத்து சீட்டுப் பெண் ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிடுவாள். அதனால் நானே போன் போட்டேன்.

"பாப்பா, நீயா? நல்லதாப் போச்சு. சட்டுனு முடிச்சு விடும்மா."

"இந்தக் கண்றாவியை யார் மாமா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்கூட வண்டியில வந்த கண்டக்டர்தான். ஆப்ஷனை வாங்க வேணாம், வித்தா போதுமாம். வாடகை மாதிரி வாராவாரம் பணம் வருதாம். பத்து வாரத்துல ஒன்பது வாரம் லாபம்தானாம்."

"பத்தாவது வாரம்?"

"அது... அதைப் பத்தி அவன் பேசல."

பேசமாட்டான். எவனும் பேசுவதில்லை. கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"மாமா, நல்லா காது கொடுத்துக் கேளுங்க. ஆப்ஷன் வாங்குறவன், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த உங்களை மாதிரி. ஒத்துவரலைன்னா அட்வான்ஸோட போச்சு. விக்கிறவன் உங்க ஹவுஸ் ஓனர் மாதிரி. அட்வான்ஸை வாங்கிப் பையில போட்டுக்கிட்டார். நாளைக்கே வீட்டு விலை ரெண்டு மடங்கு ஏறினாலும், பேசின விலைக்குத்தான் உங்களுக்குக் கொடுத்தாகணும். அவர்கிட்டயாவது வீடுன்னு ஒண்ணு இருக்கு. உங்ககிட்ட அதுவும் இருக்காது. ஏறின விலைக்கு வெளியில வாங்கி, பழைய விலைக்கு நீங்க கொடுக்கணும். எவ்வளவு ஏறும்னு யாருக்குத் தெரியும்?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து சூப்பர்வைசர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். ஒரு போனுக்கு மூன்று நிமிஷம்தான். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"இப்போ புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க. என்ன புரிஞ்சுது?"

"கொஞ்சம் கொஞ்சமா வந்ததெல்லாம் ஒரே நாள்ல போயிடும். கையில இருக்கிறதும் போயிடும். அதுக்கு மேலயும் கேப்பாங்க. மாட்டேன்னு நான் சொல்ல முடியாது."

அச்சு அசலாகச் சொன்னார். எங்கள் மேனேஜருக்கே இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

"அப்புறமென்ன, வேணாம்தானே?"

"வேணும்மா." குரல் இறங்கிவிட்டது. "பணம் பத்தல. பழைய லோனெல்லாம் பிடிச்சுக்கிட்டு முக்கால்வாசிதான் கையில கொடுத்தாங்க. உங்க அக்காகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்? கெடுவுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. பயமாத்தான் இருக்கு பாப்பா. வேற வழி தெரியல. புரிஞ்சுதுன்னே போட்டுக்கோ."

வைத்துவிட்டார். அடப்பாவி மனுஷா, முட்டாளாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேனே என்று தோன்றியது.

திரையில் இரண்டு பட்டன்கள். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதை முழுசாகப் புரிந்துகொண்டு பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். 'புரியவில்லை' என்பதை அழுத்தினேன்.

ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டால் என் வேலை போகும். போகட்டும், சனியன். இதில் கிடைப்பதும் இரண்டே நாள்தான், அதற்குள் சேல்ஸ் தடியன் அவருக்குப் 'புரிய' வைத்துவிடுவான். மாடிப்படிக்குப் போய் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அந்த மனுஷனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னேன்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"கெடுவுக்குள்ள மீதியைக் கட்டலைன்னா என்னடி ஆகும்?"

"அட்வான்ஸ் போயிடும்க்கா."

"அதுக்கு மேல நம்மகிட்ட எதுவும் கேக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்போ போகட்டும் விடு." மூக்கை உறிஞ்சினாள். பெயிண்ட் நிறம் வரைக்கும் பார்த்துப் பார்த்து வைத்தவள். "வீடு போனா போகுது. ஒரு மாசமா அவரு தூக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காருடி. நான் ஒரு லூசு, கால்வலின்னு தினமும் தைலம் தேச்சு விட்டுக்கிட்டிருக்கேன்."