இரண்டு நீளமுள்ள தெரு

ஒரு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகாலுக்கு, அந்தத் தெரு எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் நீள ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு அது எப்போதும்போல்தான் இருந்தது: ஒரு முனையில் தபால்பெட்டி, மறுமுனையில் முதியோர் இல்லம், இடையில் ஒரு மருந்துக்கடை, ஒரு தையல்கடை, இருபத்தெட்டு வீடுகள். அன்றைக்குத்தான் வார்டு முதியோர் ஆலோசனைக் குழுவின் மாதக் கூட்டமும் நடந்தது. நூலக மாடியில் ஏழு உறுப்பினர்களும் உட்கார்ந்து, அறிவிப்புப் பலகைக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று மதியம் வரை பேசினார்கள். தெரு நீண்டது பற்றிக் கூட்டக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அதற்காகக் குழுவைக் குறை சொல்வதும் சரியில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர்கூட அதில் கிடையாது. பெரியவர்களை மாடிப்படி ஏறவைத்துச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், அறுபது முடிந்தவர்கள் விலகிவிட வேண்டும் என்று விதி எழுதி வைத்திருந்தார்கள்.

தெரு நீண்டதை முதலில் கண்டுபிடித்தவர் ரீடிங்காரர். முப்பத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து அட்டையில் எழுதியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பட்டப்பெயரிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. எழுபத்துநான்கு வயதில் முட்டி தேய்ந்திருந்தது, கண் மங்கியிருந்தது, எண்ணும் பழக்கம் மட்டும் கல்லுப்போல இருந்தது. தபால்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டு வாசலிலிருந்து முதியோர் இல்லம் வரை நானூற்றுப் பன்னிரண்டு தப்படி என்பது அவருக்கு மனப்பாடம். அந்தச் செவ்வாய்க்கிழமை நானூற்று முப்பது வந்தது. தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். மாதக் கடைசியில் எழுநூறு ஆனது. மூன்றாம் மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஒவ்வொரு நாள் கணக்கையும் பழைய மீட்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்தார்.

அவர் தினமும் அந்த இல்லத்துக்குப் போனது மனைவிக்குச் சாப்பாடு ஊட்ட. அந்த அம்மாளுக்குப் பேச்சு போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஞாபகம் அதற்கும் முன்பே போய்விட்டது. ரீடிங்காரர் யார் என்பது அவருக்குத் தெரியுமா என்பதைச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கணவர் கையிலிருந்து வரும் ஸ்பூனுக்கு மட்டும் வாய் திறக்கும். நர்ஸ் கெஞ்சினாலும், டாக்டர் அதட்டினாலும், உதடு பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொள்ளும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு; ஒரு மணிக்கு ஒரு மாத்திரை; மாத்திரை உள்ளே போனால் மாலை வரை தூக்கம். ஆகவே ஒரு மணிக்குள் ரீடிங்காரர் வந்தால் அந்த அம்மாளுக்கு அன்றைக்குச் சாப்பாடு உண்டு, வராவிட்டால் இல்லை.

ரீடிங்காரர் குழுவுக்கு மனு எழுதினார். தெரு நீண்டுவிட்டது, நிறுத்தித் தர முடியாவிட்டால் உட்கார்ந்து போக ஒரு பெஞ்சாவது வேண்டும் என்று அதில் இருந்தது. குழுத் தலைவி அதே தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர், எல்லோருக்கும் மருந்தம்மா. ஐம்பத்துமூன்று வயது. யாருக்கு எந்த மாத்திரை என்பதைச் சீட்டைப் பார்க்காமல் சொல்லிவிடுவார். மனுவை அவர் அலட்சியம் செய்யவில்லை. அளவையாளரை வரவழைத்தார். அவர் நாடாவைப் பிடித்து மூன்று தடவை அளந்து, மூன்று தடவையும் இருநூற்று எண்பது மீட்டர் என்றார். குழுவில் சட்டப்புள்ளி என்று பெயர் வாங்கிய வரி அலுவலர் ஒருவர் இருந்தார். முந்நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சு என்பது விதி, இருபது மீட்டர் குறைகிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். பெஞ்சு தேவையில்லை என்ற உத்தரவில் மருந்தம்மா கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

தெரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரீடிங்காரர் காலை ஒன்பதுக்குக் கிளம்பியவர் எட்டுக்குக் கிளம்பினார், பிறகு ஏழுக்கு. ஒருநாள் வாடகைக் காரில் ஏறினார். பாதித் தெருவில் பெட்ரோல் தீர்ந்து ஓட்டுநர் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்து மாவட்டத்துக்கே போய்வந்ததுபோல் இருந்தது என்று ஓட்டுநர் நாலு பேரிடம் சொல்லியும், வழக்கமாக அளந்துவிடுகிற ஆள் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவியோடு தானும் இல்லத்திலேயே சேர்ந்துவிடலாம் என்று படிவம் வாங்கினார் ரீடிங்காரர். யார் துணையுமின்றி நடக்க முடியுமா என்ற கேள்விக்கு, பொய் எழுதத் தெரியாத மனுஷன், முடியும் என்று எழுதினார். நடக்க முடிகிறவருக்கு இடமில்லை என்று படிவம் திரும்பி வந்துவிட்டது.

மருந்தம்மாவின் மனதைக் கலைத்தது ஒரு செருப்பு. ரீடிங்காரர் பாதக் கொப்புளத்துக்குக் களிம்பு வாங்க வந்து, காட்டுவதற்காகக் கழற்றி வைத்த செருப்பின் அடி காகிதம்போல் தேய்ந்து, அந்தப் பக்கத் தரை தெரிந்தது. எப்போது வாங்கியது என்று கேட்டார்.

"போன மாசம் வாங்கினதும்மா. இந்த வருஷத்துல இது நாலாவது ஜோடி."

"வேற எங்க சார் நடக்கறீங்க?"

"வேற எங்கயும் போறதில்லையேம்மா. இந்தத் தெரு மட்டும்தான்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மருந்தம்மா கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவரோடு கூடவே நடந்தார். ரீடிங்காரர் தன் வீட்டு மீட்டர் ஒரு தடவை பின்பக்கமாக ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். தையல்கடை வாசலில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதைத் தாண்டியதும் கதை பாதியில் நின்றது. மருந்தம்மா திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. தையல்காரரைக் கேட்டதற்கு, பெரியவர்கள் எல்லாரும் இங்கே வந்ததும் காணாமல் போவது வழக்கம்தான், யார் வீட்டிலாவது பேசப் போவார்கள் என்று நினைத்தேன் என்று தையல் மெஷினிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார். மருந்தம்மா இரண்டு நிமிடத்தில் இல்லத்தை அடைந்து, வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒன்று பத்துக்கு ரீடிங்காரர் வந்து சேர்ந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே அவர் மனைவி தூங்கிவிட்டிருந்தார். ரீடிங்காரர் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார், திறக்கவில்லை. நர்ஸ் மருந்தம்மாவைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "இன்னும் ஒரு கிலோ இறங்கிடுச்சும்மா. வர்ற திங்கக்கிழமை மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு." குழாய் போட்டபின் ஸ்பூனுக்கு வேலை இருக்காது என்பது மருந்தம்மாவுக்குத் தெரியும். ஒரு மணி மாத்திரையை வாராவாரம் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

அடுத்த நாளும் கூட நடந்தார். இந்த முறை பள்ளத்தில் ரீடிங்காரரின் கால் மடங்கியது. விழப் போனவரை மருந்தம்மா முழங்கையில் பிடித்தார். பிடித்த கையை விடாமல் அடுத்த தப்படி வைத்தபோது தெரு அவருக்கும் நீண்டது. தையல்கடையை ஒட்டி அதுவரை பார்த்திராத ஒரு சுவர், அதற்கப்பால் ஒரு நீலக் கதவு, பிறகு ஒரு பச்சைக் கதவு, பிறகு கண்ணுக்கு எட்டியவரை கதவுகள். எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு வீட்டிலும் மீட்டர் இல்லை, பெட்டி மட்டும் மாட்டியிருக்கிறது என்று ரீடிங்காரர் வருத்தத்தோடு காட்டினார். ஓரத்துக் கல்லில் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய பஸ் கண்டக்டர் கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு மாதமாகக் கடைப்பக்கம் வராததால், மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று மருந்தம்மா நினைத்திருந்த பத்துப் பதினைந்து பேர் அங்கங்கே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. கண்டக்டர் மட்டும் நகர்ந்து வாளியில் பாதி இடம் விட்டு, "வாங்கம்மா. பெஞ்சு விஷயம் ஏதாவது ஆச்சா?" என்று கேட்டார்.

மருந்தம்மா ஒன்பது வருடமாக இவர்களுக்காகக் குழு நடத்தியிருக்கிறார். இவர்கள் பக்கத்தில் ஒருநாள்கூட நடந்ததில்லை. வெட்கத்தில் அழுகை வந்தது, அழுதார். பாட்டு டீச்சர் முந்தானையைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவசரக் கூட்டம் போட்டார். நூலக மாடியில் இல்லை, தையல்கடை வாசலில். ஆளுக்கு ஒரு முதியவரின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சட்டப்புள்ளிக்குக் கண்டக்டர் கிடைத்தார். நூலகத்தின் கனமான மர பெஞ்சைத் தூக்கி வந்திருந்தார்கள். அது பள்ளத்தைத் தாண்டவில்லை. எத்தனை தடவை தள்ளினாலும் மறுபக்கம் பழைய தெருவிலேயே போய் நின்றது. கடைசியில் கண்டக்டர் அதன்மேல் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்," என்றார். பெஞ்சு உள்ளே வந்துவிட்டது. பாதி வழியில் சட்டப்புள்ளி காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். விதியைப் பற்றி அவர் பேசிய பேச்சு அன்றோடு சரி.

பெஞ்சை எங்கே போடுவது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். தையல்கடைப் பக்கம் போடலாம் என்றார்கள் சிலர், இல்லத்து வாசலில் என்றார்கள் சிலர். ரீடிங்காரர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். மொத்தம் ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது தப்படி, பாதி நாலாயிரத்து ஐந்நூற்று எழுபது. "நான் இந்தப் பக்கத்துலேர்ந்து பாதி நடந்துடறேன். அவள அந்தப் பக்கத்துலேர்ந்து பாதி கூட்டிட்டு வர முடியுமான்னு கேளுங்க. அவளுக்கும் எழுபத்திரண்டு ஆச்சு, அவளுக்கும் தெரு இதே நீளம்தான்." இவ்வளவு எளிய கணக்கு ஏழு பேர் இருந்த குழுவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மஞ்சள் கதவு ஒன்றின் எதிரில் பெஞ்சைப் போட்டார்கள்.

திங்கட்கிழமை குழாயோடு வந்த டாக்டரிடம் மருந்தம்மா ஒரே ஒரு வேளை தவணை கேட்டார். தெருவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, வெளிக்காற்று என்று மட்டும் சொன்னார். காலை ஒன்பதரைக்குச் சக்கர நாற்காலி இல்லத்தை விட்டுக் கிளம்பியது. தள்ளியவள் நர்ஸ், மருந்தம்மா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். பன்னிரண்டேகாலுக்கு மஞ்சள் கதவு தெரிந்தது. பெஞ்சில் ரீடிங்காரர் முகம் கழுவித் தலை சீவி உட்கார்ந்திருந்தார், டப்பா இன்னும் சூடாக இருந்தது. குழுவினர் ஆளுக்கொரு பெரியவரைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவர் ஸ்பூனை நீட்டினார். அந்த அம்மாள் ஸ்பூனைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பாட்டு டீச்சரைப் பார்த்தார். "என்னம்மா, லேட் பண்ணிட்டேனா?" என்று ரீடிங்காரர் கேட்டார். உதடு திறந்தது. முதல் வாய், இரண்டாவது வாய் என்று அவர் உரக்க எண்ணினார். பதினெட்டாவது வாயில் டப்பா காலி. சட்டப்புள்ளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஒரு மணிக்கு அங்கேயே மாத்திரை கொடுத்து, தூங்க ஆரம்பித்தவரை மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழாய் பிரிக்கப்படாமலேயே திரும்பிப் போனது.

அதன்பின் நடந்தவை எல்லாம் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. ஏழு உறுப்பினர், வாரத்துக்கு ஏழு நாள். தினம் ஒருவர் அந்த அம்மாளோடு நடக்க வேண்டும் என்பது முதல் தீர்மானம். அறுபது வயது விதியை நீக்கியது இரண்டாவது. வாளியோடு குழுவில் சேர்ந்தார் கண்டக்டர். அடுத்த வருடத்துக்குள் பதினோரு பெஞ்சு உள்ளே போயின. தையல்காரர் எழுபதைத் தொட்டதும் தன் மெஷினை நீலக் கதவருகே மாற்றிக்கொண்டார். நகராட்சிப் பதிவேட்டில் அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் இரண்டு நீளம் உண்டு: நாடாவின்படி இருநூற்று எண்பது மீட்டர், குடியிருப்போர் கணக்கின்படி கூடக்கூடியது. ரீடிங்காரரின் மனைவி அந்த பெஞ்சில் ஆறு வருடம் சாப்பிட்டார். ஏழாம் வருடம் ஒரு வியாழக்கிழமை, பதினெட்டு வாயும் சாப்பிட்டு முடித்து, மாத்திரைக்கு முன்பே தூங்கினார், எழுந்திருக்கவில்லை. ரீடிங்காரர் பத்து நாள் வீட்டிலேயே இருந்தார். பதினோராம் நாள் டப்பாவைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டேகாலுக்குப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், அன்றைக்கு யார் சாப்பிடவில்லையோ அவருக்குக் கொடுத்தார். அதை அவர் நிறுத்தவே இல்லை.

மருந்தம்மா அப்புறமும் நிறைய வருடம் மருந்துப் பையோடு அந்தத் தெருவில் போனார், வந்தார். யார் கையையாவது பிடித்தபோது நீளமாகவும் தனியே போனபோது குட்டையாகவும் அது இருந்தது. எழுபது வயது முடிந்த மறுநாள், வழக்கம்போலத் தனியாக, தையல்கடை இருந்த இடத்துப் பள்ளத்தைத் தாண்டினார். நீலக் கதவு இருந்தது. நின்று தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஒன்றில் பை, இன்னொன்றில் யார் கையும் இல்லை. பயம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. மதியம் மஞ்சள் கதவை அடைந்தபோது, தொண்ணூற்றொரு வயது ரீடிங்காரர் நகர்ந்து இடம் விட்டார், டப்பா மூடியில் பாதிச் சாப்பாட்டை வைத்து நீட்டினார். மருந்தம்மா சாப்பிட்டு முடித்தார். பிறகு ரீடிங்காரர் சட்டைப்பையிலிருந்து எழுதாத ஒரு அட்டையை எடுத்து, மேலே மருந்தம்மாவின் பெயரை எழுதி, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னைக்கு எவ்வளவும்மா வந்துது?"

மருந்தம்மா வழியெல்லாம் எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார். எண்ணைச் சொன்னார். ரீடிங்காரர் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.