ஊசியின் கீழ்ப்பாதி

1

இந்தக் கதை, ஒரு தையல் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த செலோடேப்பிலிருந்து வந்தது. கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஜெபிஷா வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டில் உடைந்த ஊசிகளையும் துண்டு சேர்த்து டேப்பில் ஒட்டினாள்.

கடைசி ஊசிக்கு மேல்பாதி மட்டும் இருக்கிறது.

அவள் இறந்து பல மாதங்களுக்குப் பிறகு அவள் கணவன் எபநேசர் அதைப் பார்க்கிறான். (எபநேசர், நான் வைத்த பெயர்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: கோவில்பட்டி வெயிலில் அந்தப் போர்வை வானவில்லைப் போல—

அடித்துவிட்டேன். ஜெபிஷா கடைசியாகத் தைத்த அந்தப் போர்வை அப்படி இல்லை. பாத்திக் துணியின் வெட்டுத் துண்டுகளை இணைத்துத் தைத்தது. நீலம், காவி, கறுப்பு. மெழுகு பூசிச் சாயத்தில் முக்கும்போது, மெழுகு விரிசல் விட்ட இடமெல்லாம் சாயம் புகுந்து மெல்லிய கோடாக நின்றுவிடும். துணி முழுக்க அந்தக் கோடுகள். ஒவ்வொன்றும் ஊசி போலவே இருக்கிறது.

நெருக்கமான நெசவு. உள்ளே பசுவந்தனைப் பருத்தி. ஊசி உடைந்ததில் வியப்பில்லை. போர்வையை முடித்த வாரமே அவளுக்கு டெங்கு.

இப்போது நாலு வயது மகள் ஜீனா அதன்மேல்தான் படுக்கிறாள்.

3

எபநேசர் உள்ளங்கையால் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தான். மாமியார் ஸ்டெல்லாமேரி பார்த்துவிட்டாள்.

"என்ன மாப்ள, காய்ச்சலா அதுக்கு? இப்படித் தொட்டுப் பாக்குதீய?"

"ஊசி உடைஞ்சிருக்கு அத்தை. முனையக் காணல."

"பருத்திக்கொட்டையா இருக்கும். குளத்தூர்ல நாங்க கொட்டையோடதான் தலையணை அடைப்போம்."

"கொட்டை உடம்புக்குள்ள போவாது அத்தை."

அவள் முகம் மாறியது.

"அப்பம் பிரிக்கப் போறீயளா? பிரிச்சா மறுபடி யாரு தைப்பா? நீங்களா?"

(இங்கே அவன் அழ வேண்டும் என்று நினைத்து எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அவன் அழவில்லை.)

4

அவன்மேல் எனக்கே சந்தேகம். ஏன் இன்னும் சும்மா இருக்கிறான்?

போர்வையைப் பீரோவில் பூட்டிப் பார்த்தான். ஜீனா வாந்தி எடுக்கும்வரை அழுதாள். கயத்தாறில் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றித் தரச் சொன்னான். "புதையல் தேடப் போறீயளா அண்ணாச்சி?" என்று சிரித்தான் மெக்கானிக் மாரிராஜ்.

காந்தம் வந்துவிட்டது. அதை அவன் போர்வைமேல் வைக்கவில்லை. ஒட்டாவிட்டால், முனை எங்கே? ஒட்டினால், பயம் போய்விடும். அவள் போன பிறகு அவனுக்குள் அசைகிற ஒரே பொருள் அந்தப் பயம்தான். (இந்த வாக்கியத்தை எடுக்கப் பார்த்தேன்.)

5

முடிவு ஒன்று. காந்தம் ஒட்டுகிறது. ஒரே ஒரு தையலை அறுக்கிறான். முனையை டேப்பில் மேல்பாதிக்குக் கீழே ஒட்டுகிறான்.

முடிவு இரண்டு. ஒட்டவில்லை. எல்லாத் தையலையும் பிரிக்கிறான். கொட்டை, சருகு, நூல். "அம்மா தச்சது எங்க?" என்று கேட்கிறாள் ஜீனா.

முடிவு மூன்று. அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒரு மதியம், தூக்கத்தில் புரண்டு படுத்த ஜீனா

6

மதியம்தான். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறாள்.

"அப்பா, இங்கன என்னமோ குத்துது."

"எங்கனட்டி?"

"இங்கன."

"அசையாத. அப்படியே இரி. வாரேன்."

காந்தம் என் மேசையில், இந்தத் தாள்களின்மேல் கனமாக இருக்கிறது. எடுத்தால் ஃபேன் காற்றில் எல்லாம் பறக்கும். பறக்கட்டும். உங்கள் பக்கம் வந்து விழும் முடிவை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை மட்டும் எடுக்காதீர்கள்.